தூரத்துத் துயரத்தை நம்மூர் எப்படிப் பார்க்கிறது: ஆய்வுக்கு எந்த வழி ஒத்துவரும்?

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவாரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அந்த மாடிகளில் ஓடிக்கொண்டிருந்தவை ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள். திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற பெண்ணுக்கும் பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்கும் சாவார் ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஆனால் டிவியில் ஓடிய படம் இருவருக்கும் ஒரே படமாக இருந்திருக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கம் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது இந்தக் கணக்கு மாறியிருக்கும். விழுந்து கிடந்த மரத்தின் வயசைத் தோப்புக்காரரின் கண் தானாகவே எண்ணும்.

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து விழுந்து 17 தலித்துகள் இறந்தார்கள். கோவையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். கோவையின் எல்லாத் தெருவுக்கும் அந்தச் சாவு ஒரே அளவு பக்கத்தில் இருந்ததா? 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் விபத்துக்குள்ளான ரயில்களில் ஒன்று ஷாலிமாரிலிருந்து சென்னைக்கு வரும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ். திருப்பூர் லைன் வீட்டில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரருக்கு அது வெளியூர்ச் செய்தி ஆகாது, அவர் ஊருக்குப் போய்வரும் வண்டி. பவானிசாகர் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு 2009 எப்படிப்பட்ட தூரம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவும் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊடகம் காட்டும் தூரத்துத் துயரத்துக்கு மக்கள் என்ன செய்கிறார்கள் என்று ஆராய வருகிறவர்கள் பெரும்பாலும் முறையை முதலில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எந்தத் தூரம் என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். கிலோமீட்டரா, தொழிலா, மொழியா, சாதியா? அதை ஒரு தாளில் எழுதிய பிறகுதான் முறையைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. இன்னொன்று, பதில் என்று எதைக் கணக்கில் எடுப்பது? சொல்வது ஒன்று, உள்ளே படுவது ஒன்று, கை செய்வது ஒன்று. மூன்றையும் ஒரே முறையில் பிடிக்க முடியாது.

இந்தத் துறையின் முன்னோடிகளான பிரான்சின் லுக் போல்டான்ஸ்கி (1993), லிலி சூலியாராக்கி (2006) ஆகியோரின் எழுத்து பெரும்பாலும் பார்வையாளர் என்ற கருத்தையும் செய்தி கட்டப்படும் விதத்தையும் பற்றியது. உண்மையான வீட்டில் உண்மையான ஆள் என்ன சொன்னார் என்று போய்க் கேட்ட ஆய்வுகள் அதைவிடக் குறைவு. ஆகவே சின்ன ஆய்வுக்கும் இங்கே இடம் இருக்கிறது. இரண்டு பேர், ஆறு மாதம், ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு ரெக்கார்டர். முதுகலை ஆய்வேட்டுக்கோ சிறு அமைப்பின் ஆய்வுக்கோ கையில் இருப்பது இதுதான் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

சர்வே: கேட்டால் 'ஆமாங்க'

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கேள்வித்தாள். 95 விழுக்காடு நம்பிக்கையில், கூட்டியோ குறைத்தோ 5 விழுக்காடு பிழைக்குள் ஒரு விகிதம் சொல்ல 384 பேர் வேண்டும். அது குலுக்கல் முறையில் ஆளுக்கு ஆள் தனித்தனியாக எடுத்தால். நடைமுறையில் தெருத் தெருவாகத்தான் எடுப்போம். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒன்றுபோலப் பேசுவார்கள் என்பதால் ஒன்றரை மடங்கு ஆக்கினால் 576. ஒரு தாளுக்கு 20 நிமிடம், வீடு தேடுவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து ஒருவர் ஒரு நாளைக்கு 8 பேரை முடித்தால் பெரிது. இருவருக்கும் 36 முழு நாள் போய்விடும்.

அந்த 36 நாளில் எங்கே கோணலாகும் என்றால், முதலில் பட்டியலில். வாக்காளர் பட்டியலை வைத்து வீடு தேர்ந்தெடுத்தால் திருப்பூரின் வடமாநிலத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அதில் இருக்கமாட்டார்கள். அடுத்தது நேரம். ஒன்றரை ஷிப்ட் ஓடும் வீட்டில் பகலில் கதவைத் தட்டினால் வேலைக்குப் போகாதவர் மட்டுமே கிடைப்பார்.

மூன்றாவது, நம் மரியாதை. "வயநாட்டு நிலச்சரிவுச் செய்தியைப் பார்த்து வருத்தப்பட்டீங்களா?" என்று கேட்டால் 'ஆமாங்க' என்பதைத் தவிர வேறு பதில் வராது. வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஆளிடம் 'இல்லீங்க' என்று சொல்வது இங்கே பழக்கம் இல்லை. அதிலும் சாவைப் பற்றிய கேள்விக்கு. எழவு வீட்டுக்குப் போகாதவரைப் பத்து வருசம் சொல்லிக் காட்டும் ஊரில் 'எனக்கு ஒண்ணும் தோணலைங்க' என்று யார் சொல்வார்?

சரிசெய்ய இரண்டு வழி. ஒன்று, உணர்ச்சியைக் கேட்காமல் செயலைக் கேட்பது: "நேத்து ராத்திரி செய்தி ஓடும்போது எந்த இடத்துல சேனலை மாத்துனீங்க?" இரண்டு, எண்ணிக்கை முறை. பாதிப் பேருக்கு நான்கு வாக்கியங்கள் கொடுத்து, இவற்றில் எத்தனை உங்களுக்குப் பொருந்தும் என்று எண்ணிக்கையை மட்டும் கேட்க வேண்டும். மறு பாதிக்கு அதே நான்கோடு 'இந்த மாதிரிச் செய்தி வந்தால் சலிப்பாக இருக்கிறது' என்பதையும் சேர்த்து ஐந்து. முதல் பாதியின் சராசரி 1.9, அடுத்த பாதியின் சராசரி 2.3 என்று வந்தால் வித்தியாசம் 0.4. அதாவது 40 விழுக்காட்டினருக்குச் சலிப்பு. யார் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் உண்மை வரும். ஆனால் ஒவ்வொரு பாதியிலும் 200 பேர் இருந்தால் இந்த 40 என்பது 20 முதல் 60 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இவ்வளவு பாடுபட்டு இதுதானா என்று கேட்டால், ஆம், இதுதான்.

சொற்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கேள்வித்தாளில் எழுதும் 'பரிவு', 'கருணை' ஆகியவை பேச்சில் இல்லை. 'பாவம்' என்றால் இரக்கமும் ஆகும், செய்த பாவமும் ஆகும். 'வெசனம்' என்பது நின்று நெடுநேரம் அரிக்கும் துயரம். 'கெரகம்' என்று ஒருவர் சொன்னால் அதில் இரக்கமும் விதியும் சலிப்பும் கலந்திருக்கும். இந்தச் சொற்களை முதலில் மக்கள் வாயிலிருந்து எடுத்து, பிறகு கேள்வித்தாள் எழுதலாம். தலைகீழாகச் செய்தால் அச்சிட்ட தாளுக்கு ஆன செலவுதான் மிச்சம்.

பரிசோதனை: அழகான திட்டம், ஆனால் ஆள் போதாது

2007இல் ஸ்மால், லோவன்ஸ்டீன், ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட பரிசோதனையை இத்துறையில் தெரியாதவர் இல்லை. கலந்துகொண்டவருக்கு ஐந்து டாலர் கொடுத்துவிட்டு நன்கொடை கேட்டார்கள். மாலி நாட்டின் ரோகியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதையைப் படித்தவர்கள் சராசரியாக 2.38 டாலர் போட்டார்கள். பஞ்சத்தின் புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டும் சேர்த்துப் படித்தவர்கள் 1.43. சிறுமியின் பக்கத்தில் எண்ணை வைத்ததும் கை சுருங்கிவிட்டது.

இதை இங்கே செய்வது எளிது போலத் தெரியும். பத்து பத்து ரூபாய்த் தாள்களைக் கவரில் போட்டுக் கொடு, ஒரு பாதிக்கு ஒரு குழந்தையின் செய்தி, மறு பாதிக்கு எண்கள், உண்டியலில் விழுந்ததை எண்ணு. ஆனால் ஆட்கணக்கைப் பார்க்க வேண்டும். நடுத்தர அளவு வித்தியாசத்தை 80 விழுக்காடு உறுதியோடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர். சிறு வித்தியாசத்துக்குக் குழுவுக்கு 394. எண்ணைவிடத் தனி ஆளின் கதைக்கு அதிகம் கொடுப்பது என்ற இந்த விளைவைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் 2016இல் திரட்டிக் கணக்கிட்டபோது கிடைத்த தொடர்பெண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.05 மட்டுமே. அந்த அளவு சிறியதைப் பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 1,570 பேர் வேண்டும். பின்னால் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கும் அந்த விளைவு கிடைக்கவில்லை. இருவர் குழு ஆறு மாதத்தில் தொடக்கூடிய வேலை இது இல்லை.

பிடிவாதமாகச் செய்கிறவர்களுக்குச் சில எச்சரிக்கை. வகுப்பறையில் ஆசிரியர் நிற்கும்போது உண்டியல் வைத்தால் அளப்பது கூச்சத்தைத்தான். கவரை ஒட்டி, பணம் போட்டவரும் போடாதவரும் ஒரே மாதிரி பெட்டியில் போடும்படி செய்யவும். தொகைகள் பூஜ்யத்திலும் ஐம்பதிலும் நூறிலும் குவியும், அதனால் சராசரியை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றும். கொடுத்தாரா இல்லையா என்பது ஒரு கணக்கு, கொடுத்தவர் எவ்வளவு கொடுத்தார் என்பது வேறு கணக்கு. திரண்ட பணத்தைச் சொன்ன இடத்துக்கே அனுப்பி ரசீதைக் காட்ட வேண்டும்.

ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுவோம். மொய் எழுதிப் பழகிய ஊரில் பணம் கொடுப்பது ஒரு நோட்டில் ஏறும், என்றாவது திரும்பி வரும். தூரத்து நிவாரணத்துக்குக் கொடுப்பது யார் நோட்டிலும் ஏறாத மொய். போட்ட ரூபாயை மட்டும் வைத்து இரக்கத்தை அளப்பது இங்கே எந்த அளவு செல்லும் என்பது தனியாகவே ஆராயத்தக்கது.

கருத்துப் பெட்டியை எண்ணுவது

யூடியூப் செய்திக்குக் கீழே வரும் கருத்துகளை அள்ளி வகைப்படுத்துவது மலிவு. ஆனால் எழுதியவர் கோபியில் இருக்கிறாரா கனடாவில் இருக்கிறாரா என்று தெரியாது. பார்த்தவரில் எழுதுபவர் மிகச் சிலர். கிண்டலை இரு வகைப்படுத்துநர்கள் ஒரே மாதிரி படிக்கமாட்டார்கள். இருவரும் எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கிரிப்பன்டார்ஃப் ஆல்ஃபா என்ற எண் 0.80க்கு வருவது கடினம், 0.667க்குக் கீழே போனால் அந்த வகைப்பாட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான். துணைத் தகவலாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

குழுப் பேச்சு

ஒருவர் சொல்ல இன்னொருவர் மறுக்க, துயரத்தைப் பற்றி ஊர் எப்படிப் பேசிக்கொள்கிறது என்பது கண்முன்னே நடப்பது இந்த முறையில் மட்டும்தான். சுவீடனின் பிர்கிட்டா ஹோயர் தொலைபேசி நேர்காணலையும் குழுப் பேச்சையும் சேர்த்துச் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வில் இரக்கத்தை நான்கு வகையாகப் பிரித்தார்: மனம் இளகுவது, குற்றம் சாட்டுவது, வெட்கப்படுவது, கையாலாகாமல் நிற்பது. இந்த நான்கும் நம் பக்கத்துப் பேச்சில் எளிதாக அடையாளம் தெரியும். "பாவமுங்க அந்தப் புள்ளைங்க." "கவருமெண்டு என்னத்தப் பண்ணுச்சு?" "நாம சோறு தின்னுக்கிட்டே பாக்கறமே." "நாம என்னங்க பண்றது?"

கடைசி வாக்கியத்தில் கவனம் வேண்டும். 'நாம என்னங்க பண்றது' என்பதை இழுத்துச் சொன்னால் இயலாமை. வெட்டிச் சொன்னால் பேச்சை முடித்துக்கொள்வோம் என்று பொருள். நிமிர்ந்து பார்த்துச் சொன்னால் அது நிஜமான கேள்வி, பதில் எதிர்பார்க்கிறார். எழுதிவைத்த தாளில் மூன்றும் ஒன்றுதான். அதனால் ஒலிப்பதிவை வைத்துக்கொண்டே வகைப்படுத்த வேண்டும், எழுத்துப்படியை மட்டும் வைத்து வேண்டாம்.

புத்தகங்கள் குழுவுக்கு 6 முதல் 8 பேர் என்று சொல்லும். இங்கே 5 அல்லது 6 பேர் போதும். எட்டுப் பேர் உட்கார்ந்தால் அதில் மூத்தவர் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். 90 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. யாரை யாரோடு உட்காரவைப்பது என்பதில்தான் ஆய்வே நிற்கிறது. காட்டுக்காரரையும் அவர் காட்டில் வேலை செய்பவரையும் ஒன்றாக வைத்தால், பின்னவர் 'அவங்க சொன்னதுதானுங்க' என்று முடித்துவிடுவார். ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுவில் அழுகையைப் பற்றிப் பெண்களும் கோபத்தைப் பற்றி ஆண்களும் மட்டும் பேசுவார்கள். சாதி, நிலம், பால், வேலை ஆகியவற்றில் ஒத்தவர்களாகக் குழு அமைத்து, வித்தியாசத்தைக் குழுவுக்குக் குழு பார்ப்பது நல்லது.

இடமும் அப்படித்தான். கோயில் மண்டபம் என்றால் எல்லோரும் வரமாட்டார்கள். பனியன் கம்பெனிச் சாப்பாட்டுக் கூடத்தில் சூப்பர்வைசர் வந்து எட்டிப்பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் ஆரம்பப் பள்ளி பெரும்பாலும் சரிவரும். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை என்பதால் ஞாயிறு முற்பகல் கடைவீதி நேரம். மதியம் மூன்றுக்கு மேல் கூப்பிடவும். சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் முதலில் 30 விநாடி பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். இரண்டு வீடு தள்ளி ஓடும் விசைத்தறிச் சத்தம் காதுக்குப் பழகிவிடும், ரெக்கார்டருக்குப் பழகாது.

படத்தை எடுத்தவுடன் காட்டக்கூடாது. முதல் 20 நிமிடம் அவர்களாக நினைவில் இருப்பதைச் சொல்லட்டும். எந்தத் துயரம் நினைவில் நின்றது, எது நிற்கவில்லை என்பதே பாதித் தகவல். பிறகு மூன்று நிமிடத்துக்கு மிகாத இரண்டு துண்டுகள். ஒன்று வயநாடு போல எல்லைக்குப் பக்கத்தில், இன்னொன்று 2023 பிப்ரவரி துருக்கி நிலநடுக்கம் போல மொழியும் முகமும் அந்நியமானது. பாதிக் குழுக்களுக்கு வரிசையை மாற்ற வேண்டும். பிணம் தெரியும் காட்சி வேண்டவே வேண்டாம், அது அதிர்ச்சியை மட்டும் தூண்டும்.

செலவு எங்கே என்றால் எழுத்துப்படியில். எட்டுக் குழு, ஒன்றரை மணி நேரம் வீதம் 12 மணி நேரப் பேச்சு. பலர் ஒன்றாகப் பேசும் பதிவில் ஒரு மணிக்கு எட்டு மணி வேலை பிடிக்கும். 96 மணி நேரம். தானாக எழுதும் மென்பொருள்கள் வட்டார வழக்கைப் புத்தகத் தமிழாக மாற்றிவிடுகின்றன. 'வெசனம்' 'விஷயம்' ஆகிவிட்டால் அந்த ஆளின் துயரமே காணாமல் போய்விடும். ஒடிசா, பீகார் தொழிலாளர் குழுவுக்கு மொழிபெயர்க்கக் கம்பெனி மேஸ்திரியைக் கூட்டிவராதீர்கள். அவர் எதிரில் யாரும் எதையும் சொல்லமாட்டார்கள்.

குரல் குறிப்பேடு

எங்கள் தேர்வு இதில்தான் தொடங்குகிறது. பங்கேற்பவர் 14 நாள், தினமும் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்ப வேண்டும். 'இன்னைக்கு வெளியூர்க் கஷ்டம் எதையாவது டிவியிலயோ போன்லயோ பாத்தீங்களா? பாத்தப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? அப்புறம் என்ன பண்ணுனீங்க?' அவ்வளவுதான் கேள்வி. ஒன்றரை ஷிப்ட் இரவு 8.30க்கு முடிவதால் நினைவூட்டலை 9.30க்கு அனுப்பவும். எழுதச் சொன்னால் பாதிப் பேர் விலகுவார்கள், பேசச் சொன்னால் நிற்பார்கள்.

இருபது பேரைச் சேர்த்தால் கடைசியில் 12 முதல் 14 பேர் மிஞ்சுவார்கள் என்று வைத்துக்கொள்ளவும். கைம்மாறாக ஒரு மாத ரீசார்ஜ் போதும். இடையில் விலகியவர்களையும் சேர்த்து இருபது பேரும் சராசரியாகப் பாதி நாள்தான் பேசினார்கள் என்றாலும் 140 பதிவு, ஒவ்வொன்றும் 45 விநாடி என்றால் மொத்தம் 105 நிமிடம். தனிக்குரல் என்பதால் பத்தரை மணி நேரத்தில் எழுதிவிடலாம். குழுப் பேச்சின் 96 மணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம், யாரும் முகத்துக்கு நேரே இல்லை. 'அந்த வீடியோ வந்துச்சுங்க, பாக்காம தள்ளிட்டேன்' என்று இங்கே சொல்வார்கள், குழுவில் சொல்லமாட்டார்கள்.

குறைகளும் உண்டு. கேட்கிறார்களே என்பதற்காகச் செய்தி பார்க்கத் தொடங்குவார்கள், ஆகவே முதல் மூன்று நாள் பதிவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பல வீடுகளில் போன் ஒன்று, கேட்கும் காது பல. பெண்களிடம் 'இந்தப் போனை வேற ஆராச்சும் எடுப்பாங்களா' என்று முதலிலேயே கேட்டுவிடவும். அனுப்பாத நாளைத் திட்டக்கூடாது, அது ஏன் என்று நாட்குறிப்பில் எழுதவும். மாரியம்மன் நோம்பி வாரத்தில் உலகத்தில் எது இடிந்தாலும் பதிவு வராது, அதுவும் ஒரு பதில்தான். தங்களுக்கு வந்த கோரக் காணொளியை அவர்கள் அப்படியே அனுப்பினால் சேமிக்காமல் நீக்கவும். என்ன காணொளி என்று வாயால் சொல்லச் சொன்னால் போதும்.

பெரிய இடர் வேறு. குறிப்பேடு ஓடும் இரண்டு வாரத்தில் பெரிய பேரிடர் எதுவும் நடக்காமல் போகலாம். அதற்காக ஆட்களை முன்கூட்டியே சேர்த்து, ஒப்புதல் வாங்கி, கேள்வியைத் தயாராக வைத்துக் காத்திருக்க வேண்டும். செய்தி வெடித்த அன்றே தொடங்கி, தலைப்பிலிருந்து இறங்கியபின்னும் ஓடவிட வேண்டும். மறப்பது எப்போது தொடங்குகிறது என்பது கடைசி வாரத்தில்தான் தெரியும்.

உட்கார்ந்து பார்ப்பது

ஜொனதன் ஓங் மணிலாவில் செய்ததைப் போல வீட்டுக்குள் இருந்து கவனிக்கும் முறையும் உண்டு. ஆறு மாதத்துக்கு இது முழு முறையாகாது. நம் ஊரில் ஒரு தடை கூடுதல்: வீட்டுக்கு ஒறம்பரை வந்தால் டிவியை அணைத்துவிட்டு காபி போடுவார்கள். மூன்றாம் நான்காம் தடவை போனபிறகுதான் டிவி ஓடும். பேக்கரிகளில் அந்தத் தொல்லை இல்லை. ஒரு மேசை, ஒரு டீ, ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறிப்பு: எத்தனை பேர் நிமிர்ந்தார்கள், யார் பேசினார், யார் ரிமோட்டைக் கேட்டார். பத்துப் பதினைந்து தடவை போனால் குழுவில் கேட்க வேண்டிய கேள்விகள் தானாகக் கிடைக்கும். ஆண்கள் மட்டும் உட்காரும் இடம் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

எதை எடுப்பது

கைச்சரக்கு இருவர், ஆறு மாதம் என்றால்: முதல் மாதம் பேக்கரியும் ஆட்சேர்ப்பும். இரண்டாவது, மூன்றாவது மாதங்களில் குறிப்பேட்டைத் தயார்நிலையில் வைத்துப் பேரிடருக்குக் காத்திருப்பது. எதுவும் வராவிட்டால் மூன்றாம் மாதக் கடைசி இரு வாரத்தில் சாதாரண நாட்களையே பதிவது. நான்காம் மாதம் அதே ஆட்களில் சிலரையும் புதியவரையும் வைத்து ஆறு முதல் எட்டுக் குழு. மீதி எழுத்துப்படிக்கும் எழுத்துக்கும். குறிப்பேட்டில் தனியாகச் சொன்னதும் குழுவில் பலர் முன்னே சொன்னதும் ஒரே ஆளிடம் எங்கே பிரிகிறது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் லாபம். பிரிட்டனில் மார்ட்டின் ஸ்காட்டும் குழுப் பேச்சையும் குறிப்பேட்டையும் சேர்த்தே பயன்படுத்தினார்.

மாவட்டத்தில் எத்தனை விழுக்காடு என்ற எண் கட்டாயம் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் மட்டும் சர்வே. அதுவும் குழுக்களில் கிடைத்த சொற்களை வைத்து, கடைசியில். ஒரே ஒரு குறுகிய கேள்வி, ஆயிரக்கணக்கில் ஆள் பிடிக்கும் வசதி என்றால் பரிசோதனை.

குழு முடிந்ததும் யாரையும் உடனே அனுப்பிவிடாதீர்கள். டீயும் பத்து நிமிடமும் ஒதுக்கவும். துயரக் காட்சி சொந்த இழப்பைக் கிளறிவிட்டவர் அந்தப் பத்து நிமிடத்தில்தான் வாய் திறப்பார். அப்போது ரெக்கார்டர் அணைந்திருக்க வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐ ஒரு சீட்டில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், தேவைப்பட்டவர் யார் என்று மற்றவருக்குத் தெரியாது.